கொக்கிகளுக்கு மேலே ஒரு பெயர்

கெரிட் ரீட்ஸ்மா ரசமட்டத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. முப்பத்தெட்டு வருடம் மாவட்டச் சாலைத் துறையில் மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். அவர் இழுத்த கோடு கோணல் என்று அந்தப் பக்கத்தில் ஒருவரும் சொன்னதில்லை. முதல் எழுத்தைச் சுவரோடு பொருத்தி, திருப்புளியைக் கையில் எடுத்தபோது பின்னால் மருமகள் குரல் கேட்டது.

"பாக்கே, அது என்னது?"

பாக்கே என்றால் தாத்தா. கொள்ளுப்பாட்டன் ஃப்ரீஸ்லாந்திலிருந்து கப்பலேறி மிச்சிகனில் இறங்கிய நாளிலிருந்து, பழைய பாஷையில் அந்த ஒரு சொல்தான் குடும்பத்தில் தேயாமல் நின்றிருந்தது. பிள்ளைகள் பிறந்தபின் டெலியாவும் அவரை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள்.

"எழுத்து," என்றார் அவர், திரும்பாமல்.

"எழுத்துன்னு தெரியுது. என்ன எழுத்து?"

"ஏழு இருக்கு. வரிசையா வெச்சிருக்கேன். படிச்சுப் பாரு."

டெலியா தரையைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்தில் மரத்தில் அறுத்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவிய எழுத்துகள் பழைய செய்தித்தாளின் மேல் கிடந்தன. ஆங்கிலத்தில் அவர் குடும்பப் பெயர், ரீட்ஸ்மா. அது எந்த மரம் என்று அவளுக்குத் தெரிந்தது. விருந்தாளிகள் அதிகம் வரும்போது சாப்பாட்டு மேஜையை நீட்டிப் போடுகிற கூடுதல் பலகை. மாமியார் இருந்தவரை கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அது வெளியே வரும். இப்போது மேஜை களஞ்சியத்துக்குப் போய்விட்டது. பலகை எழுத்தாகிவிட்டது.

"வேண்டாம் பாக்கே. இதைப் பத்தி நாம பேசினோம்."

"நீ பேசின. நான் கேட்டுட்டு இருந்தேன்."

சாப்பாட்டு அறையாக இருந்த அந்த அறைதான் இப்போது பிள்ளைகளின் அறை. சுவரோரம், ஒரு நான்கு வயதுக் குழந்தையின் தோள் உயரத்தில், இரண்டு கொக்கிகள் இருந்தன. ஒன்றின் மேல் மேரனின் புகைப்படம், மற்றதன் மேல் தம்பி ஆர்லோவின் புகைப்படம். படங்களுக்குக் கீழே டெலியா அவரவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். வெறும் பெயர். அது போதும் என்பது அவள் கட்சி. அரைப் பெயரோடு எந்தப் பிள்ளையும் இந்த வீட்டில் வளர்ந்ததில்லை என்பது அவர் கட்சி.

"தப்பு செஞ்சது அவன்," என்றார் கெரிட். "பேர் என்ன தப்பு செஞ்சது?"

அவன் என்றால் அவர் மகன் டர்க். மகனின் பெயரை அவர் அக்டோபர் மாதத்திலிருந்து வாயால் சொல்வதில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாலை டர்க் குடித்துவிட்டுத் தன் ட்ரக்கை ஓட்டிக்கொண்டு போனான். முப்பது மைல் தெற்கே ஒரு நாற்சந்தியில் நிற்கச் சொல்லும் பலகைக்கு நிற்காமல் போய், குறுக்கே வந்த காரில் மோதினான். காரை ஓட்டி வந்த ஆலிஸ் டெக்கர் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். அந்த ஊர் சர்ச்சின் கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். டர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒன்பது வருடம் சிறை. தீர்ப்பு சொன்ன நாளில் இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல். டெலியாவால் போக முடியவில்லை. கெரிட்டுக்குக் காய்ச்சல் இல்லை. அவரும் போகவில்லை.

விபத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் சர்ச்சின் மூப்பர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். யாரும் கேட்பதற்கு முன்னால் தானாகவே கொடுத்துவிட்டார். ஆனால் உட்காரும் பெஞ்சை மாற்றவில்லை. எப்போதும்போல மூன்றாவது வரிசையில், முதுகு சாயாமல் உட்கார்ந்தார். பிரசங்கம் தொடங்கும்போது வரிசை வரிசையாகக் கை மாறுகிற பெப்பர்மிண்ட் மிட்டாய்ச் சுருள் மட்டும் அவர் வரைக்கும் வராமல் இரண்டு இடம் தள்ளியே நின்றுவிடும். அதையும் அவர் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

நவம்பரில் ஒரு நாள் மேரன் மழலையர் வகுப்பிலிருந்து வந்து, "அப்பா டீச்சரைக் கொன்னுட்டாரா?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து டெலியா அவளை அங்கே அனுப்பவில்லை. ஆரிகனில் இருக்கும் தன் தாயிடம் போய்விடப் போவதாகச் சொன்னாள். கெரிட் அவளைத் தடுத்தார். கெஞ்சவில்லை, அவருக்கு அது வராது. "வீட்டுலேயே வெச்சுச் சொல்லிக்கொடு. சாப்பாட்டு ரூமை எடுத்துக்க. என்ன வேணுமோ நான் செஞ்சு தரேன்," என்றார்.

டெலியா யோசித்து ஒரு நிபந்தனை சொன்னாள். "ஈஸ்டர் வரைக்கும் பார்க்கலாம். பிள்ளைங்களுக்கு நாலு சிநேகிதம் கிடைச்சா இருக்கேன். இல்லேன்னா போயிடுவேன் பாக்கே. போனா அதுங்களுக்கு என் அப்பா பேரைத்தான் போடுவேன்."

போவது பெரிதாகத் தெரியவில்லை அவருக்கு. பெயர் என்றதும் யாரோ முதுகெலும்பில் கை வைத்து அழுத்தியது போலிருந்தது.

அப்படித்தான் அந்த அறை வேலை தொடங்கியது.

முதல் அலமாரியை அவர் ஒரே வாரத்தில் செய்து முடித்துப் பெருமையாக நிறுத்திவைத்தார். டெலியா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். அக்டோபருக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் அவர் பார்த்தார்.

"யாருக்கு பாக்கே இது? உங்களுக்கா?"

"ஏன், என்ன குறை?"

"முட்டி போட்டுப் பாருங்க."

"எதுக்கு?"

"ஆர்லோ உயரம் அவ்வளவுதான். அவன் எங்கேருந்து பார்ப்பானோ அங்கேருந்து பார்த்தாத்தான் ரூம் தெரியும்."

அவர்கள் சர்ச்சில்கூட முட்டி போடுகிற வழக்கம் கிடையாது. நின்று ஜெபித்தே பழகிய வம்சம். கெரிட் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, நாற்காலியைப் பிடித்து மெதுவாக முட்டி போட்டார். அலமாரியின் மேல் தட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தட்டின் அடிப்பாகமும், அவர் உப்புத்தாள் போடாமல் விட்ட சிலாம்பும்தான். மறுபேச்சு பேசாமல் அலமாரியைக் கராஜுக்குத் தூக்கிப்போய் இரண்டாக அறுத்தார்.

அதன் பிறகு ஒவ்வொன்றையும் முட்டி போட்டுப் பார்த்தே செய்தார். கண்ணாடியைத் தரையோடு ஒட்டி மாட்டினார். ஜன்னல் பக்கம் மணலுக்குப் பதில் அரிசி நிரப்பிய ஒரு தொட்டி. அதில் கரண்டியும் புனலும். அலமாரி சாயாமல் இருக்க அதைச் சுவரோடு வார் போட்டுக் கட்டினார். மூலைகளை உருட்டினார்.

பொம்மைகளை அடுக்குவதில் மட்டும் அவருக்கும் டெலியாவுக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டில் இருந்த பொம்மைகளில் முக்கால்வாசியை அவள் டப்பாக்களில் போட்டு மூடி, ஒவ்வொரு டப்பாவின் மேலும் உள்ளே இருப்பதன் புகைப்படத்தை ஒட்டி, நிலவறையில் அடுக்கிவிட்டாள். அலமாரியில் ஒரு தட்டுக்கு ஒரு சாமான்தான்.

"கடை காலி பண்ற மாதிரி இருக்கு," என்றார் கெரிட்.

"எல்லாத்தையும் வெளியே வெச்சா ஒண்ணோடயும் விளையாடாதுங்க. இறைச்சுட்டுப் போயிடும். பத்து நாளைக்கு ஒரு தடவை மாத்திக்கலாம். பழசு திரும்பி வரும்போது புதுசா தெரியும்."

"நாங்கல்லாம் எல்லாத்தையும் இறைச்சுப் போட்டுத்தான் வளர்ந்தோம்."

"அதனாலதான் பாக்கே உங்க கராஜுல ஒரு சாமான் கிடைக்க மாட்டேங்குது."

மூன்று வயது ஆர்லோ அந்த அறையில் பகல் முழுவதும் அரிசித் தொட்டியை விட்டு நகரவில்லை. மேரன் ஒவ்வொரு தட்டையும் எடுத்து விளையாடி, எடுத்த இடத்திலேயே வைத்து, "முடிச்சாச்சு" என்று சத்தமாக அறிவித்தாள். காலையில் எழுந்ததும் ஜன்னலைப் பார்த்துவிட்டு, சுவர்ப் பலகையில் அன்றைய வானிலைக்கு உரிய படத்தை மாட்டுவது அவள் வேலை. மூன்று வாரம் தொடர்ந்து பனிப் படம்தான். "இந்தப் படம் ரொம்ப உழைக்குது," என்று அவள் கெரிட்டிடம் சொன்னாள். "சூரியன் சும்மாவே தூங்குது. சோம்பேறி." கெரிட் வாசல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

எழுத்து விஷயம் கடைசியில் சமரசமானது. சுற்றுவட்டார ஊர்களில் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிற குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தன. வியாழக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடுவார்கள். டெலியா அதில் தன் தகப்பன் பெயரைக் கொடுத்து, டெலியா மார்ஷ் என்று சேர்ந்திருந்தாள். ஜனவரியில் பனி அள்ளுகிற வண்டி அவர்கள் வீட்டுத் தபால் பெட்டியை இடித்துத் தள்ளியது. புதுப்பெட்டியில் இன்னும் பெயர் எழுதவில்லை. அதுவும் நல்லதற்கே என்று அவள் இருந்தாள். மார்ச் இரண்டாவது வியாழக்கிழமை குழு இங்கே வருவதாக ஏற்பாடு.

"அன்னிக்கு ஒரு நாள் கழட்டிடுங்க," என்றாள். "முதல்ல பிள்ளைங்க பழகட்டும். அப்புறம் நானே சொல்லிக்கறேன், யாருன்னு. முதல் நாளே சுவத்துல எழுதி வெச்சு வரவேற்க வேண்டாம்."

"ஒரு நாள்தானே?"

"ஒரே நாள்."

அவர் சரி என்றார். எழுத்தை மாட்டினார். அடுத்த வாரமே மேரன் ஏழு எழுத்தையும் விரல் வைத்துச் சொல்லக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு காலையும் கோட்டைக் கொக்கியில் மாட்டும்போது ஒருமுறை சொல்லுவாள். கெரிட் காபிக் கோப்பையோடு அடுத்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்பார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவருக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் எழுத்துகளைக் கழற்றினார். சொன்ன சொல் சொன்னதுதான். சுவரில் பதினான்கு திருகாணித் துளைகள் தெரிந்தன. அவர் எழுத்துகளைக் கையில் அடுக்கிக்கொண்டு நிற்கும்போது மேரன் கோட்டோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள்.

"எங்க பேர் எங்கே பாக்கே?"

"இன்னிக்கு ஒரு நாள் எடுத்து வெச்சிருக்கேன்."

"அழுக்காயிடுச்சா?"

அடுப்படியில் டெலியா எதையோ ஓவனில் வைத்துவிட்டு யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். தன் வீட்டில், தன் பேத்தி முன்னால், திருடிய சாமானைப் போல அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நிமிடம் நின்றார். பிறகு திருப்புளியை எடுத்து ஏழையும் இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டார். குமிழி பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, துளைகள் அங்கேயே இருந்தன.

பத்து மணிக்கு வண்டிகள் வரத் தொடங்கின. நடையில் இத்தனூண்டு பூட்ஸ்கள் குவிந்தன. ஐந்து குடும்பங்கள். பத்துப் பதினோரு பிள்ளைகள். டெலியா வாசலில் நின்று தாய்மாரை நேரே அடுப்படிக்கு அழைத்துப்போய்க் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் அவள் இன்னும் எட்டிப்பார்க்கவில்லை. பிள்ளைகள் மட்டும் முன்னால் ஓடி அறைக்குள் பாய்ந்தார்கள்.

கடைசியாக வந்தவள் ஷானன். கலகலவென்று பேசுகிறவள். கையில் ஒரு பெண் குழந்தை, பின்னால் ஒல்லியாக ஒரு பெரியவர்.

"மன்னிச்சுக்கங்க, இவளோட அப்பா கார்ல குழந்தைக்கு சீட் மாட்டறேன்னு அரை மணி நேரம். எங்கப்பா இன்னும் அரை மணி நேரம், கையுறை காணோம்னு. கடைசியில கைலயே இருக்கு," என்றாள். "அப்பா, உள்ளே போங்க. அவரைத் தனியா விட முடியல டெலியா, அதான் கூட்டிட்டே வந்துட்டேன். நம்ம வியாழக்கிழமைன்னா அவருக்கும் கொஞ்சம் முகம் மாறுது."

பெரியவர் தொப்பியை எடுத்தார். "வெர்ன்," என்றார் கெரிட்டிடம். கெரிட் கை கொடுத்தார். "கெரிட்." அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேச்சு இல்லை. வெர்ன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனார். கெரிட் கதவருகே நின்றார். தன் கைவேலையைப் பார்த்து ஒருவர் என்ன சொல்வார் என்று கேட்க அவருக்கு ஆசையாக இருந்தது என்பதே உண்மை.

வெர்ன் சுற்றிப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த உயரத்திலிருந்து இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார்.

"பார்த்துப் பண்ணியிருக்கீங்க," என்றார். "நிறையப் பேர் அலமாரியை மேலே தூக்கி மாட்டிடுவாங்க. என் வீட்டுக்காரி இருந்தா சந்தோஷப்பட்டிருப்பா. சின்னப் பிள்ளைங்க டீச்சர் அவ."

"எங்கே?"

வெர்ன் ஊர்ப்பெயரைச் சொன்னார். முப்பது மைல் தெற்கே.

கெரிட்டின் கை கதவு நிலையைப் பிடித்தது. அவர் வாய் திறப்பதற்குள் மேரன் வந்துவிட்டாள். புது விருந்தாளிக்கு அறையைச் சுற்றிக் காட்டுவது தன் பொறுப்பு என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். வெர்னின் விரலைப் பிடித்து நேரே கொக்கிகள் இருக்கும் சுவருக்கு இழுத்துப் போனாள்.

"இது என் கொக்கி. இது ஆர்லோவோடது. மேலே இருக்கறது எங்க ரெண்டு பேரோடதும். பாக்கே செஞ்சது. படிக்கத் தெரியுமா உங்களுக்கு? தெரியலேன்னா நான் சொல்லித் தரேன்." ஒவ்வொரு எழுத்தாக விரலை நீட்டிச் சொன்னாள். ஏழாவது எழுத்து முடிந்ததும் திரும்பி நின்று முழுதாகச் சொன்னாள். "ரீட்ஸ்மா."

வெர்ன் முட்டி போட்டபடியே இருந்தார். வெகுநேரம் அந்தச் சுவரைப் பார்த்தார்.

"உங்கப்பா பேர் என்ன கண்ணு?"

"டர்க். இப்போ இங்கே இல்ல. அப்பா ட்ரக்கை ஓட்டி ஒருத்தங்களை இடிச்சுட்டாரு. அதனால ரொம்ப நாள் ஸாரி சொல்லிட்டு இருக்கணும். அம்மா சொன்னாங்க."

"யார்கிட்ட சொல்றாராம்?"

மேரன் யோசித்தாள். "தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

அரிசித் தொட்டியில் ஆர்லோ புனலில் அரிசியைக் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெர்ன் சட்டைப் பையைத் துழாவி, ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கிவிட்டார்.

"தெரியும்மா," என்றார்.

அந்த நேரத்தில்தான் டெலியா ஒரு தட்டில் பாதாம் ரொட்டியோடு உள்ளே வந்தாள். பின்னால் ஷானன். டெலியா முதலில் எழுத்தைப் பார்த்தாள். பிறகு கெரிட்டை. ஷானன் தன் தகப்பன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவர் பார்க்கிற இடத்தைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த கலகலப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"கிளம்பலாம்பா," என்றாள்.

அதன்பிறகு நடந்தது எல்லாம் பூட்ஸ் தேடியதுதான். ஷானனுடைய குழந்தையின் ஒரு பூட்ஸ் கிடைக்கவில்லை. பதினோரு ஜோடிக்குள் அது எங்கோ போய்விட்டது. ஷானன் நடையில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எறிந்துகொண்டிருந்தாள். டெலியா எதிரே மண்டியிட்டுக் கூடவே தேடினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "சிவப்புதானே?" என்று ஒருமுறை டெலியா கேட்டாள். "சிவப்பு," என்றாள் ஷானன். மற்றத் தாய்மார் அடுப்படி வாசலில் கோப்பையோடு நின்றார்கள். யாரோ ஒருத்தி காதோடு காதாகக் கேட்க, யாரோ ஒருத்தி சொன்னாள்.

வெர்ன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கெரிட் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் கெரிட்டுக்கு எப்படி நிற்பது என்று தெரிந்திருக்கும்.

"ஆலிஸும் கொக்கி மேலே பேர் ஒட்டுவா," என்றார் வெர்ன். "குழந்தை பேர் மட்டும்தான். மீதியைப் பெரியவங்க சுமந்தா போதும்பா."

வெர்ன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"தீர்ப்பு அன்னிக்கு நான் முன் வரிசையில இருந்தேன். அந்தப் பையனுக்குப் பின்னாடி பெஞ்சு காலியா கிடந்தது. யாராவது வருவாங்க, வருவாங்கன்னு நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஏன்னே தெரியல. யாருமே வரல."

இப்போது சொல்ல வேண்டும் என்று கெரிட்டுக்குத் தெரிந்தது. ஐந்து மாதமாக எழுதாத கடிதம், போகாத வீடு, எல்லாம் ஒரே சொல்லில் அடங்கும். நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரிந்த சொல். பூட்ஸ் கிடைத்துவிட்டது, ஷானன் கதவைத் திறந்தாள், குளிர் உள்ளே அடித்தது, வெர்ன் படியில் இறங்கினார். கெரிட் வாய் திறந்தார். சாலை வேலையிலிருந்த காலம் முதல் அந்த வாசலில் நின்று, புறப்படுகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிப் பழகிய வார்த்தைகள் வந்து விழுந்தன.

"ரோடு வழுக்கும். பார்த்துப் போங்க."

வெர்ன் படியில் நின்று திரும்பிப் பார்த்தார். ஒருமுறை தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கால் மணி நேரத்தில் மற்றவர்களும் போய்விட்டார்கள். மரியாதையாகத்தான் போனார்கள். கொண்டுவந்த பாத்திரங்களை நினைவாக எடுத்துக்கொண்டார்கள். மதியம் டெலியாவின் போனில் ஒரு செய்தி வந்தது. அடுத்த வியாழக்கிழமைச் சந்திப்பு தற்சமயம் இல்லை என்று. யாருக்கு இல்லை என்று அதில் எழுதவில்லை.

டெலியா கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் ஆறிப்போன ரொட்டித் தட்டை அடுப்படி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு நாள் கேட்டேன் பாக்கே."

"கழட்டினேன். திரும்ப மாட்டிட்டேன்."

"ஏன்?"

"அவ கேட்டா. அழுக்காயிடுச்சான்னு."

டெலியா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து அவர் தோளில் கை வைத்தாள். அந்தக் கையை விட அவள் கத்தியிருக்கலாம். "ஈஸ்டர் வரைக்கும் எதுக்கு," என்றாள் மெதுவாக. "நாங்க போறோம்."

இருக்கச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் திருப்புளியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். அலமாரிகளைப் பிரித்து, பலகைகளுக்கு எண் போட்டு, திருகாணிகளைப் பையில் போட்டுப் பலகையோடு ஒட்டினார். ஆரிகனில் யார் பூட்டுவார்களோ, அவர்களுக்குப் புரிய வேண்டும். தரையோடு மாட்டிய கண்ணாடியைப் போர்வையில் சுற்றினார். அரிசியை ஒரு வாளியில் கொட்டி மூடினார். ஆர்லோ அதைப் பார்த்து அழுதபோது, வாளியை அவனே வண்டிக்கு உருட்டிக்கொண்டு போக விட்டார். புகைப்படம் ஒட்டிய டப்பாக்களை நிலவறையிலிருந்து தூக்கி வந்தார். இரண்டு கொக்கிகளையும், படங்களையும், கீழே டெலியா எழுதிய பெயர்களையும் ஓர் உறையில் போட்டு மேரனிடம் கொடுத்தார்.

"மேலே இருக்கறது?" என்றாள் மேரன்.

"அது இங்கேயே இருக்கட்டும்."

"நீங்க தனியா எப்படிப் படிப்பீங்க?"

"எனக்குப் படிக்கத் தெரியும்," என்றார் அவர்.

காலியான அலமாரியிருந்த இடத்தில், ஒரு சின்னத் தட்டில் பெப்பர்மிண்ட் மிட்டாய் கிடந்தது. மேரன் அதைச் சாப்பிடவில்லை. ஒரு தட்டுக்கு ஒரு சாமான் என்ற கணக்கில், அதற்கென்று தனியாக ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தாள். கெரிட் அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரலில் ஆரிகனிலிருந்து டெலியா போன் செய்தாள். பிள்ளைகளின் பெயரை மாற்றத் தகப்பன் கையெழுத்து வேண்டும். வக்கீல் தாளை டர்க்குக்கு அனுப்பி மூன்று வாரமாகிறது. அவன் கையெழுத்துப் போட மறுக்கிறான். 'அப்பா உயிரோடு இருக்கிறவரை இதை நான் செய்ய முடியாது. நான் அவருக்குச் செய்தது போதும்' என்று எழுதியிருக்கிறானாம்.

"உங்களுக்குத் தெரியணும்னுதான் சொன்னேன் பாக்கே. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

மறு ஞாயிற்றுக்கிழமை கெரிட் சர்ச்சுக்குப் போகவில்லை. சர்ச்சுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ச் சிறை வாசலில் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், பையில் உள்ளதையெல்லாம் பெட்டகத்தில் வைக்கச் சொன்னாள். சாவி, பர்ஸ், கைக்குட்டை, ஒரு பெப்பர்மிண்ட்.

"பேர்?"

"ரீட்ஸ்மா."

"யாரைப் பார்க்கணும்?"

"ரீட்ஸ்மா." நிறுத்தினார். "டர்க்."

டர்க் உள்ளே வந்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டான். மெலிந்திருந்தான். அவர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். இருவரும் மேஜையைப் பார்த்தார்கள்.

"டெலியா அனுப்பின தாளில் கையெழுத்துப் போடு," என்றார் கெரிட்.

"அப்பா..."

"போடு. நான் சொல்றேன். அதுங்க சின்னப் பிள்ளைங்க."

"உங்களுக்கு அது..."

"அது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்டா. நீயும் நானும் தாங்கிக்கலாம்."

டர்க் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுகை நிற்க நேரமாயிற்று. கெரிட் கையை மேஜையின் மேல் வைத்தார். தொடவில்லை, தொடுகிற தூரத்தில் வைத்தார்.

"அன்னிக்கு நான் கோர்ட்டுக்கு வந்திருக்கணும்," என்றார்.

டர்க் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பிறகு, வேறு எதுவும் கேட்கத் துணிவில்லாதவன்போல, "சாப்பாட்டு ரூமைப் பிள்ளைங்களுக்குப் பண்ணிக் குடுத்தீங்களாமே," என்றான். "டெலியா குளிர்காலத்துல எழுதியிருந்தா. எப்படி இருக்கும்? நான் பார்க்கவே இல்லையே."

அந்த அறையில் இப்போது வேறு ஒன்றும் இல்லை. சுவரில் அந்த ஏழு எழுத்தும், கொக்கிகள் இருந்த துளைகளும்தான் மிஞ்சியிருந்தன. சாப்பாட்டு மேஜையைக் களஞ்சியத்திலிருந்து திரும்பக் கொண்டுவரவும் அவருக்கு மனம் வரவில்லை.

கெரிட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கதவைத் திறந்ததும் இடது பக்கம் அலமாரி," என்றார். "உயரமில்லை. உன் முழங்காலுக்கு வரும். முதல்ல நான் தப்பா செஞ்சிட்டேன், டெலியா சிரிச்சா. நீ முட்டி போட்டாத்தான் தெரியும். தட்டுக்கு ஒரு சாமான். ஜன்னலோரம் அரிசித் தொட்டி. ஆர்லோ அங்கேதான் இருப்பான், கூப்பிட்டா வர மாட்டான். கண்ணாடி தரையோட இருக்கு..."

டர்க் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"கொக்கி இருக்கா?" என்றான் நடுவில். "கோட்டு மாட்ட?"

"ரெண்டு இருக்கு. அதுங்க கைக்கு எட்டும்."

"பேர் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு," என்றார் கெரிட். "மேரன். ஆர்லோ."